‘வழுக்கி விழுந்துட்டாங்க’ என்று சொல்வதற்கு முன்

‘பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க.’ வீட்டுப் பெரியவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால், பார்க்கப் போகிறவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான். விசாரணையும் அதோடு முடிந்துவிடும். தரைமேல் பழியைப் போட்டு ஒரு ரப்பர் மிதியடி வாங்கி விரிப்பார்கள். இரண்டு மாதம் கழித்து அதே ஆள் ஹாலில், ஒரு சொட்டு ஈரம் இல்லாத இடத்தில் விழுவார்.

படுக்கையிலிருந்து எழுந்ததும் பிரஷர் இறங்குவது, தொடைச் சதை கரைந்துபோவது, சர்க்கரையால் பாதம் மரத்துப்போவது, தூக்க மாத்திரை, கண்புரை, காலைச் சுற்றிய கொசுவலை. இப்படி நாலைந்து சேர்ந்துதான் ஒருவரைக் கீழே தள்ளும். அதில் இரண்டை எடுத்துவிட்டாலே பல சமயம் ஆள் தப்பிவிடுவார்.

ஏற்கெனவே ஒருமுறை விழுந்தவரென்றால், அந்த நிமிடத்தை நிதானமாக விசாரியுங்கள். உட்கார்ந்து எழுந்தபோதா, திரும்பியபோதா, அண்ணாந்து பார்த்தபோதா? கண் இருட்டியதா, கால் தடுக்கியதா, முழங்கால் மடங்கியதா? சாப்பிட்டு, மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆகியிருந்தது? “எப்படி விழுந்தேன்னே தெரியலை, கண்ணைத் திறந்தா தரையில கிடக்கேன்” என்று சொன்னால் அது மயக்கம். இ.சி.ஜி. எடுத்து டாக்டர் பார்க்க வேண்டியது அது. எந்தக் கைப்பிடியும் அதற்கு மருந்தாகாது.

ராத்திரி 2 மணி நடை

வீட்டில் எதை முதலில் சரிசெய்வது என்று குழப்பமாக இருந்தால், ஒருநாள் ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அவருடைய கட்டிலில் நீங்களே படுத்துப் பாருங்கள். கண்ணாடி போடுகிறவரென்றால் கழற்றி வையுங்கள். அங்கிருந்து எழுந்து பாத்ரூம் போய்வாருங்கள். எங்கெல்லாம் கை சுவரைத் தேடுகிறதோ, எங்கெல்லாம் கால் தயங்குகிறதோ, அதுதான் உங்கள் வேலைப் பட்டியல்.

முதலில் காலில் சிக்குவது கொசுவலை. மெத்தைக்கு அடியில் செருகிய வலையை விலக்கி இறங்கும்போது, அதன் விளிம்பு கட்டைவிரலில் சுற்றிக்கொள்ளும். ஆள் எழுந்து நின்று அடுத்த அடி வைக்கும்போதுதான் அது இழுக்கும். ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்துவிட்டால் கட்டிலுக்கு வலையே தேவைப்படாது. அது முடியாதென்றால் ஜிப் வைத்த, தரையில் புரளாத வலையாக மாற்றுங்கள். அடுத்து கட்டிலடியில் போன செருப்பு, குறுக்கே கிடக்கும் செல்போன் சார்ஜர் வயர், தலைமாட்டில் தரையில் வைத்த தண்ணீர்ச் சொம்பு. சொம்புக்கு இடம் ஒரு சின்ன மேசை. கண்ணாடியும் டார்ச்சும் அதே மேசையில் இருக்கட்டும்.

விளக்கு எப்போதும் உயரத்திலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. ஆள் அசைந்தால் எரியும் சென்சார் விளக்கு இரண்டு வாங்கி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் கட்டில் பக்கம் ஒன்றும் பாத்ரூம் வாசலில் ஒன்றும் மாட்டுங்கள். வெளிச்சம் தரையில் விழும், கண்ணில் அடிக்காது. கரண்ட் போனாலும் எரியும் பேட்டரி பல்பு ஒன்று அந்த வழியில் இருப்பது நல்லது.

கட்டிலில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், முட்டி இடுப்பைவிட உயரக்கூடாது. மெத்தையோடு சேர்த்து 45 முதல் 50 செ.மீ. பலருக்குச் சரியாக வரும். தாழ்வான கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்துவது நம் வழக்கம். ஆனால் பிடிமானமில்லாத செங்கல்மேல் நிற்கும் கால், ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்போது நழுவும். கட்டில் கால் உள்ளே இறங்கி உட்காரும்படி குழி எடுத்த மரக்கட்டையைத் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். பாயில்தான் படுப்பேன் என்பவரிடம் மல்லுக்கட்ட வேண்டாம். பாய்க்குப் பக்கத்தில் நகராத கனமான நாற்காலி ஒன்று இருந்தால் அதைப் பிடித்து எழுவார்.

பாத்ரூம் வாசலில் பழைய புடவையை நாலாக மடித்து மிதியடியாகப் போட்டிருப்போம். டைல்ஸ்மேல் ஈரக்காலோடு மிதித்தால் அது சறுக்குப் பலகைதான். இன்றைக்கே எடுத்துவிட்டு, அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடி போடுங்கள்.

எழுந்து நிற்கும் அந்த ஒரு நிமிடம்

படுத்திருந்தவர் எழுந்தால் ரத்தம் கால் பக்கம் இறங்கும். இளவயதில் ரத்தக்குழாய்கள் நொடியில் இறுகி அதை ஈடுகட்டிவிடும். வயதானவருக்கு, அதிலும் சர்க்கரை நோயாளிக்கு, இந்த இறுக்கம் தாமதமாக வரும். அந்தத் தாமதத்தில்தான் கண் இருட்டும்.

வீட்டிலிருக்கும் பிரஷர் மெஷினிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். 5 நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை பாருங்கள். எழுந்து நிற்கச் சொல்லி 1 நிமிடத்தில் ஒருமுறை, 3 நிமிடத்தில் ஒருமுறை பாருங்கள். நிற்கும்போது யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் அளவு 10 அல்லது அதற்கு மேலோ இறங்கினால் மூன்று அளவையும் தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். கிளினிக்கில் பெரும்பாலும் உட்கார வைத்துத்தான் பார்ப்பார்கள். இந்த இறக்கம் அங்கே தெரியாது.

எழும் முறை இப்படி: ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி உட்கார வேண்டும். பாதத்தைக் கீழே வைத்து, கணுக்காலை மேலும் கீழுமாக 15 முறை அசைக்க வேண்டும். கெண்டைக்கால் சதை இறுகி ரத்தத்தை மேலே தள்ளும். பிறகு கட்டிலையோ நாற்காலியையோ பிடித்து நின்று, 10 எண்ணிவிட்டு நடக்க வேண்டும். தலை சுற்றினால் வெட்கப்படாமல் திரும்ப உட்கார வேண்டும். ராத்திரி சிறுநீர் கழிக்க ஆண்களும் உட்கார்ந்தே கழிப்பது நல்லது. தூக்கத்தில் எழுந்து நின்றபடி கழிக்கும்போது மயங்கி விழுகிறவர்கள் உண்டு. இரண்டு மூன்று முறை எழுகிறவருக்குக் கட்டிலோரம் ஒரு யூரின் கேனோ நாற்காலிக் கமோடோ வைத்துவிடுங்கள்.

குளியலறை

அதிக நேரமும் பணமும் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

தரையிலிருந்து தொடங்குவோம். சோப்புப் படலம் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். வாரம் இருமுறை சோப்புத்தூள் போட்டு, கெட்டி பிரஷ்ஷால் தேய்த்து, ரப்பர் தள்ளுகோலால் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை விடுங்கள்: டைல்ஸின் பளபளப்பை அரித்து, அழுக்கும் பாசியும் பிடித்துக்கொள்ள இடம் கொடுக்கும். புதிதாகப் பதிப்பதென்றால் பளபளப்பான விட்ரிஃபைடு டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பானதைக் கேளுங்கள். அடியில் உறிஞ்சுகுமிழ் உள்ள ரப்பர் பாய் வழவழப்பான டைல்ஸில்தான் ஒட்டும், சொரசொரப்பான டைல்ஸில் பிடிக்காமல் நழுவும். கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கைப்பிடிக் கம்பி இல்லாத பாத்ரூமில் பெரியவர்கள் பிடிப்பது டவல் கம்பி, குழாய், வாஷ்பேசின் விளிம்பு. மூன்றும் ஆள் எடையைத் தாங்காது. டைல்ஸில் காற்றை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கைப்பிடியும் அப்படித்தான். ஒட்டியிருப்பதுபோல நம்ப வைத்து, எடை விழும் நொடியில் கழன்றுவிடும். வாங்க வேண்டியது 304 தர ஸ்டீல் கம்பி. கம்பியின் குறுக்களவு 32 முதல் 38 மி.மீ., சுவருக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி சுமார் 4 செ.மீ. இடைவெளி அதிகமானால் கை வழுக்கி முழங்கை வரை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும்.

எங்கே மாட்டுவது என்று பிளம்பரைக் கேட்காதீர்கள். பயன்படுத்தப் போகிறவரைக் கமோடில் உட்கார வைத்து, எழுந்திருக்கச் சொல்லுங்கள். கை எங்கே நீள்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. பெரும்பாலும் தரையிலிருந்து 70–80 செ.மீ. வரும். பிறகு குளிக்கும் இடத்தில் ஒரு கோடு, வாசல் தாண்டும் இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு.

கம்பி பிடுங்கிக்கொண்டு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. டைல்ஸும் அதன் பின்னுள்ள கலவையும் பூச்சும் சேர்ந்தே 3, 4 செ.மீ. போய்விடும். அதில் சின்ன பிளக் வைத்து முறுக்கினால் அது செங்கல்லைத் தொட்டிருக்கவே தொட்டிருக்காது. 75 மி.மீ.க்குக் குறையாத ஆங்கர், அதாவது சுவருக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட், கேளுங்கள். முதலில் டைல்ஸ் பிட்டால் ஹேமர் போடாமல் மெதுவாகத் துளைத்து, செங்கல் வந்ததும் பிட் மாற்ற வேண்டும். துளையிலிருந்து செம்மண் நிறத்தில் தூள் வந்தால் செங்கல்லைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். ஹாலோ பிளாக் சுவரென்றால் சாதாரண ஆங்கர் நிற்காது, பசை செலுத்தி இறுக்கும் கெமிக்கல் ஆங்கர் வேண்டும். குழாய்க்கும் ஷவருக்கும் நேர் மேலேயும் கீழேயும் சுவருக்குள் பைப் ஓடும், அந்த வரிசையைத் தவிருங்கள். மாட்டி முடித்ததும் வீட்டிலேயே கனமானவர் இரண்டு கையாலும் பிடித்துத் தன் எடையைப் போட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். துளி அசைந்தாலும் திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.

குளிப்பது உட்கார்ந்துதான். கால்களில் ரப்பர் புஷ் போட்ட, அகலக் கால் ஸ்டூல் வாங்குங்கள். லேசான பிளாஸ்டிக் முக்காலி ஈரத்தில் கால் விரிந்து உடையும். பக்கெட் தரையில் இருந்தால் ஒவ்வொரு சொம்புக்கும் குனிந்து நிமிர வேண்டும், தலைசுற்றல் தொடங்குவது அங்கேதான். பக்கெட்டையும் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடைமேல் ஏற்றிவிடுங்கள். சோப்பு கைக்கெட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

தலைக்குச் சீயக்காய் தேய்க்கும்போது கண்ணை மூடுகிறோம் இல்லையா, அதைக் கவனியுங்கள். பாதம் மரத்தவருக்குத் தரை எங்கே இருக்கிறதென்று காலால் தெரியாது, கண்ணால்தான் நிற்கிறார். கண்ணை மூடியதும் அந்தப் பிடியும் போய்விடும். நின்று குளிக்கும் சர்க்கரை நோயாளி முகத்தில் நுரை போட்டதும் பக்கவாட்டில் சாய்வது இதனால்தான். எண்ணெய்க் குளியல் நாளில் எண்ணெயை வெளியிலேயே, நாற்காலியில் உட்கார வைத்துத் தேயுங்கள். உள்ளங்காலில் எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஆசைப்பட்டால் துடைத்துவிட்டு நடக்கச் சொல்லுங்கள். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வேண்டாம். வெந்நீரில் ரத்தக்குழாய் விரிந்து பிரஷர் இறங்கும்.

உள்ளே தாழ்ப்பாள் போடாமல் சாத்தி வைக்கும் பழக்கம் வீட்டில் வர வேண்டும். கூச்சப்படுகிறவர்களுக்கு வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டு போடுங்கள். கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால், விழுந்தவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் திறக்கும்படி கீலை மாற்றித்தர ஒரு தச்சருக்கு அரைநாள் போதும்.

இந்தியன் டாய்லெட் மட்டுமே இருந்தால் அதன்மேல் வைக்கும் கமோடு ஸ்டூல் கிடைக்கிறது. உட்கார்ந்து பார்த்து, ஆடாமல் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

மாத்திரைப் பை

தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் அல்பிரசோலம், கால் எரிச்சலுக்குத் தரும் பிரிகாபாலின், அமிட்ரிப்டிலின், சளிக்குக் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின், பிராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின், சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரை, பிரஷர் மாத்திரை. ஒவ்வொன்றும் தனியாகவே தள்ளாட வைக்கலாம், சேரும்போது இன்னும் அதிகம். சர்க்கரைக்குத் தரும் கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுத்துவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கியும் விழுவார்கள்.

எதையும் நீங்களாக நிறுத்தக்கூடாது. அல்பிரசோலத்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும், தைலத்தையும், மூலிகைப் பொடியையும் ஒரே பையில் போட்டு ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். “இதில் எது தலைசுற்ற வைக்கும், எதைக் குறைக்கலாம்? நீர் மாத்திரையைக் காலையில் போடலாமா?” என்று கேளுங்கள். இதய டாக்டர், சர்க்கரை டாக்டர், நரம்பு டாக்டர் என்று மூன்று சீட்டு இருக்கும். மூன்றையும் சேர்த்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சர்க்கரைக்குப் பல ஆண்டு மெட்ஃபார்மின் எடுத்தவருக்கு வைட்டமின் பி12 குறைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அது குறைந்தாலும் பாதம் மரக்கும். சென்னைக்காரர்களுக்கு கிண்டியில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது.

காலில் பலம்

விழுந்து எழுந்தவரிடம் வீட்டார் சொல்வது: “இனிமே நீங்க ஒரு வேலையும் பார்க்க வேண்டாம்மா, பேசாம உட்காருங்க.” அன்புதான். ஆனால் இதைவிடப் பெரிய கெடுதல் கிடையாது. உட்கார உட்காரத் தொடை இளைக்கும், தொடை இளைத்தவர் மறுபடி விழுவார். பயிற்சி செய்கிறவர்கள் விழுவது சுமார் 23 சதவீதம் குறைகிறது என்று 2019இல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் கோக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. வெறும் நடைப்பயிற்சி இதற்குப் போதாது. தொடை பலமும் சமநிலையும் வேண்டும்.

முதலில் நிலைமையைப் பாருங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது.

பயிற்சி செய்ய நல்ல இடம் சமையல் மேடை. உயரமும் சரி, நகரவும் நகராது. வாரம் மூன்று நாள், அரைமணி நேரம். கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 தடவை, இரண்டு சுற்று. உட்காரும்போது பொத்தென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும், பலம் வருவது அந்த இறக்கத்தில்தான். மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது 10. பக்கவாட்டில் 10 அடி போய்வருவது. ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல்நுனியைத் தொடும்படி வரிசையாக வைத்து 10 வினாடி நிற்பது. முதல் வாரம் இரண்டு கையாலும் பிடிக்கலாம், பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல். பிடியைக் குறைக்காமல் ஆறு மாதம் செய்தாலும் பெரிய பலன் இருக்காது. நிறுத்தினால் வந்த பலமும் போய்விடும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், அண்மையில் எலும்பு முறிவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியலாம்.

செருப்பு, கண்ணாடி, கைத்தடி, படி

தேய்ந்த ஹவாய் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். பின்பட்டை உள்ளதாக, அடியில் வரி தேயாததாக இருக்க வேண்டும். பாதம் மரத்தவருக்கு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு, அதிலும் பின்பட்டை கேளுங்கள். இல்லாவிட்டால் செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பார். புடவை, வேட்டி, நைட்டி எதுவானாலும் கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும்.

கீழ்ப்பாதியில் படிக்கும் பவர் வைத்த கண்ணாடியோடு படி இறங்கினால், பார்வை அந்தப் பகுதி வழியாகப் போய்ப் படி மங்கும். வெளியே போக, தூரப்பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி நல்லது.

கைத்தடி என்றால், “எனக்கு என்ன அவ்வளவு வயசாயிடுச்சா?” என்று அப்பா கோபிப்பார். மழைநாளில் நீளக் குடையில் தொடங்கி, பிறகு தடிக்கு வந்தவர்கள் நிறைய உண்டு. ஆனால் குடைக் கம்பி எடை தாங்காது; அது வெறும் சமாதானத்துக்குத்தான். தடியின் பிடி, செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை வரும் உயரத்தில் இருக்க வேண்டும். பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலிக்கிற பக்கமே பிடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அடி ரப்பர் வழவழவென்று ஆனதும் மாற்றுங்கள்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். ஒவ்வொரு படி விளிம்பிலும் 5 செ.மீ. அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடியுங்கள். நம் வீட்டு மாடிப்படிகளில் முதல் படியும் கடைசிப் படியும் மற்றவற்றோடு அளவு ஒத்திருக்காது, கால் ஏமாறுவது அங்கேதான். கைப்பிடி கடைசிப் படியைத் தாண்டி ஓர் அடி நீண்டால் நல்லது. பரண், மின்விசிறி, சாமி படம் எதற்கும் ஸ்டூல்மேல் ஏறுவது கிடையாது. தினமும் எடுக்கும் சாமான் எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே இருக்கட்டும்.

விழுந்துவிட்டால்

ஓடிப்போய்க் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். முறிவு இருந்தால் அது விலகும், உங்கள் முதுகும் போகும். ஒரு நிமிடம் அப்படியே கிடக்க விட்டுப் பேசுங்கள். ஒரு கால் குட்டையாகி பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால், இடுப்பிலோ கவட்டியிலோ தாங்க முடியாத வலி இருந்தால், கழுத்து வலித்தால், பேச்சு குழறினால் அசைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். இடுப்பெலும்பு முறிவுக்கு நாட்டுக்கட்டுப் போட்டுப் படுக்க வைப்பது உயிருக்கே ஆபத்து. ஒன்றிரண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்து எழுப்பி நடக்க வைப்பதுதான் வழி.

அடி ஒன்றும் பெரிதில்லை என்றால் அவரே எழட்டும். ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, முட்டிபோட்டுத் தவழ்ந்து கனமான நாற்காலிக்கு வர வேண்டும். இரண்டு கையையும் இருக்கையில் வைத்து, பலமான காலை முன்னால் ஊன்றி எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். நீங்கள் நாற்காலியை அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதும். நல்லா இருக்கும்போதே பாய்மேல் இதை ஒருமுறை பழகிவையுங்கள்.

வார்பரின், அசினோகூமரால், அபிக்ஸபன் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டால், வீக்கமே இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும். மற்றவர்களுக்கும் மண்டைக்குள் ரத்தம் மெல்லக் கசிந்து வாரக்கணக்கில் கழித்துத் தலைவலி, குழப்பம், தூங்கி வழிவது, நடை மாறுவது என்று வெளியே தெரியலாம். “போன மாசம் லேசா இடிச்சுக்கிட்டாங்க” என்பதை அப்போது டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

தனியாக இருப்பவர் போனைக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொள்ளட்டும், பாத்ரூமுக்குள்ளும் கைக்கெட்டும் தாழ்வில் ஒரு மணிப் பொத்தான் இருக்கட்டும். அடிபடாத விழுகையையும், விழப்போய்ச் சுவரைப் பிடித்ததையும் தினசரி காலண்டர் தாளில் நேரத்தோடு குறித்துக் கிழித்து வையுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மாத்திரைப் பையோடு அந்தத் தாள்களும் போகட்டும்.